தமிழில் தேர்வு கேட்டுப் போராட ஆள் கூப்பிடுவது எப்படி, யாரையும் நெருக்காமல்

அரசு வேலைக்கான தேர்வைத் தமிழிலும் எழுத விட வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது. திருச்சியில் அஞ்சல் எழுத்தராக வேலை பார்த்தேன், தொழிற்சங்கக் கிளைச் செயலாளராகவும் இருந்தேன், இப்போது ஓய்வு. சாயங்காலம் குரூப் 4, எம்.டி.எஸ். (மத்திய அரசின் பல்பணி ஊழியர்) தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஏதாவது ஒரு தேர்வு ஆங்கிலம், இந்தி மட்டும் என்று அறிவிப்பு வந்தால் போதும், மறுநாளே இந்தப் பிள்ளைகளின் போனில் அழைப்புகள் குவிந்துவிடுகின்றன. சிலவற்றில் தேதி, இடம், நேரம் இருக்கும். சிலவற்றில் "வராதவன் தமிழனே இல்லை" என்று மட்டும் இருக்கும்.

அந்த இரண்டாவது வகை அழைப்பை யாரும் அனுப்பக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சங்கத்தில் புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்கள், மாணவர் அமைப்புகளில் இருப்பவர்கள், பயிற்சி மையம் நடத்துகிறவர்கள் எல்லாருக்கும் இது பயன்படும். அழைப்பு வந்து என்ன செய்வது என்று முழிக்கிறவர்களுக்கும் பின்னால் கொஞ்சம் வைத்திருக்கிறேன்.

யாருக்கு என்ன லாபம் என்று முதலில் எழுதுங்கள்

நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்து, இந்தக் கோரிக்கை வென்றால் யாருக்கு என்ன கிடைக்கும் என்று எழுதிப் பாருங்கள்.

2019-ல் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். தபால்காரர் போன்ற பணியிடங்களுக்கான தேர்வு ஜூலை 14 அன்று நடந்தது. அதற்குச் சில நாள் முன்புதான், முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருக்கும் என்று சுற்றறிக்கை வந்திருந்தது. மாநிலங்களவையில் அ.தி.மு.க., தி.மு.க. இரண்டு கட்சி உறுப்பினர்களும் இதை விடாமல் எழுப்பினார்கள். ஜூலை 16 அன்று அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் அந்தத் தேர்வை ரத்து செய்வதாகவும், தமிழ் உட்பட வட்டார மொழிகளிலும் மறுபடி நடத்துவதாகவும் அவையிலேயே அறிவித்தார்.

இதில் நேரடி லாபம் யாருக்கு? தேர்வு எழுதும் கிராம அஞ்சல் ஊழியருக்கு. சைக்கிளில் நாலு ஊர் சுற்றித் தபால் கொடுத்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து படித்து நிரந்தர வேலைக்கு ஏறப் பார்க்கிறவர் அவர். ஏற்கெனவே கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எழுத்தருக்குத் தனிப்பட்ட முறையில் ஒன்றும் கிடைக்காது. சங்கத்துக்கு உறுப்பினர் கூடலாம். பயிற்சி மையத்துக்குச் சேர்க்கை கூடும். கட்சிக்கு மேடையும் படமும் கிடைக்கும். இதையெல்லாம் தாளில் எழுதுங்கள், உங்கள் பெயரையும் சேர்த்து.

வேலைக்காகக் கேட்கிறோம் என்று சொல்லச் சிலர் கூச்சப்படுகிறார்கள். மொழியின் மானத்துக்காகக் கேட்கிறோம் என்று மட்டும் சொன்னால் உயர்வாக இருக்கும் என்று நினைப்பு. தேவையே இல்லை. 1965-ல் தெருவுக்கு வந்த கல்லூரி மாணவர்களுக்கும் வேலைக் கவலை இருந்தது. அரசியலமைப்பின் 343-வது பிரிவு கொடுத்த 15 வருஷக் கெடு அந்த ஜனவரி 26-ல் முடிந்தது. இனி மத்திய அரசுத் தேர்வு இந்தியில்தான் என்று வந்துவிட்டால் தங்கள் கதி என்ன என்று அவர்கள் கேட்டார்கள். 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றி 1968 ஜனவரியில் வெளியான ஆட்சிமொழித் தீர்மானத்தில், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள தமிழ் உள்ளிட்ட மொழிகளிலும் ஆங்கிலத்திலும் அகில இந்தியப் பணித் தேர்வுகளை எழுத இடம் தர வேண்டும் என்று ஒரு பகுதி இருக்கிறது. மொழியும் பிழைப்பும் அன்றிலிருந்தே சேர்ந்துதான் வந்திருக்கின்றன.

அதே கவலை இந்தி பேசுகிறவர்களுக்கும் உண்டு. 2014-ல் டெல்லி முகர்ஜி நகரில் யு.பி.எஸ்.சி.க்குப் படித்துக்கொண்டிருந்த இந்தி வழி மாணவர்கள், சி-சாட் என்ற திறனறித் தாள் ஆங்கில வழியில் படித்தவர்களுக்கே சாதகமாக இருக்கிறது என்று தெருவில் இறங்கினார்கள். அந்த ஆகஸ்டில் ஆங்கிலக் கேள்விகளின் மதிப்பெண் தரவரிசைக்கு எடுக்கப்படாது என்று அரசு சொன்னது. அடுத்த வருஷம் அந்தத் தாளே 33 சதவீதம் எடுத்தால் போதும் என்ற தகுதித் தாளாக மாறியது. அந்தப் பையன்கள் கேட்டதும் நாம் கேட்பதும் ஒன்றேதான். வடக்கிலிருந்து வேலைக்கு வந்து நம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பையனைப் பார்க்கும்போது இது ஞாபகத்தில் இருக்கட்டும்.

தாளில் இன்னொருவர் பெயரையும் எழுத வேண்டும். அவரைப் பெரும்பாலும் எல்லாருமே மறந்துவிடுகிறார்கள். கவுண்டருக்கு வெளியே நிற்கிறவர். பணம் எடுக்கும் எஸ்.பி. 7 படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பாட்டி நிற்கிறார். கைரேகை வைக்கிறவர், சாட்சிக் கையெழுத்து வேண்டும். உள்ளே இருப்பவன் ராஜஸ்தானிலிருந்து வந்த இருபத்து மூன்று வயசுப் பையன், நல்லவன். "விட்னஸ், விட்னஸ்" என்கிறான். பாட்டிக்குப் புரியவில்லை. பாட்டி, "எம் புருஷன் செத்துட்டாருப்பா, நான்தான் வாரிசு" என்கிறார். அவனுக்குப் புரியவில்லை. வரிசை நீளுகிறது, பின்னால் நிற்பவர் சத்தம் போடுகிறார், பையனுக்கு முகம் சிவந்துவிடுகிறது. பக்கத்துக் கவுண்டரிலிருந்து ஒருவர் எழுந்து வந்து பேசி முடிக்க வேண்டியிருக்கிறது. இந்தக் காட்சியை நான் பலமுறை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். மக்களோடு பேசும் வேலைக்கு அந்த மக்களின் மொழி தெரிந்தவர் வேண்டும் என்பதுதான் நம்மிடம் இருக்கிற மிக வலுவான வாதம். யாரையும் திட்டாமலே சொல்லலாம். நோட்டீஸில் முதல் வரியாக அதைப் போடுங்கள்.

மேடை யாருடையது என்று முன்கூட்டியே சொல்லுங்கள்

மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ஆம் வருஷத்து நடத்தை விதிகள் இருக்கின்றன. அதில் 5-வது விதி கட்சியில் சேருவதையும் அரசியல் இயக்கத்தில் பங்கெடுப்பதையும் தடுக்கிறது. 7-வது விதி பொது ஒழுங்குக்குக் கேடான ஆர்ப்பாட்டத்தையும் வேலைநிறுத்தத்தையும் தடுக்கிறது. அமைதியான ஆர்ப்பாட்டத்தை அடியோடு தடை செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1962-லேயே காமேஷ்வர் பிரசாத் வழக்கில் சொல்லியிருக்கிறது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. தமிழ்நாட்டில் 2003-ல் வேலைநிறுத்தம் செய்த லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டதை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இதிலிருந்து நடைமுறைக்குத் தேவையான விஷயம் ஒன்று. வேலை நேரம் முடிந்து வாயிலில் நின்று கோஷம் போடுகிற ஊழியருக்கு ஒரு கணக்கு, கட்சிக் கொடி கட்டிய மேடைக்குக் கீழே நிற்கிற ஊழியருக்கு வேறு கணக்கு. சங்க ஆர்ப்பாட்டம் என்று கூப்பிட்டுவிட்டு, போய்ப் பார்த்தால் ஒரு கட்சியின் மாவட்டப் பொறுப்பாளர் மைக் பிடித்துக்கொண்டிருந்தால், வந்தவரை நீங்கள் ஏமாற்றிவிட்டீர்கள். ப்ரொபேஷனில் இருக்கும் ஒருவர் அந்தப் படத்தில் சிக்கினால் விளக்கம் எழுதிக்கொடுக்கப்போவது அவர்தான்.

அதனால் பேசப்போகிறவர்கள் எல்லாருடைய பெயரும் நோட்டீஸில் இருக்கட்டும். கடைசி நேரத்தில் கட்சிக்காரர் யாராவது வந்தால் மரியாதையாக வணக்கம் சொல்லி, "இன்னிக்கு சங்க நிகழ்ச்சி அண்ணே, உங்க கூட்டத்துக்கு நாங்க தனியா மனு கொண்டுவந்து தர்றோம்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். புரிந்துகொள்ளாதவர் கோபித்துக்கொண்டு போனாலும் பரவாயில்லை.

ஆர்ப்பாட்டமா, மறியலா?

வேலை தேடும் பிள்ளைகளைக் கூப்பிடுகிறவர்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படிக்க வேண்டும்.

அனுமதி வாங்கி, ஒதுக்கிய இடத்தில் நின்று கோஷம் போட்டுக் கலைவது ஆர்ப்பாட்டம். சாலையிலோ தண்டவாளத்திலோ அலுவலக வாயிலை அடைத்தோ உட்கார்ந்தால் அது மறியல். மறியல் என்றால் கைது உண்டு. நம் ஊர் வழக்கம் எல்லாருக்கும் தெரியும். வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் அடைப்பார்கள், மதியம் பொட்டலச் சாப்பாடு வரும், சாயங்காலம் விட்டுவிடுவார்கள். அதனால் பையன்கள் சிலர் பிக்னிக் போல வந்துவிடுகிறார்கள். மண்டபத்தில் ஒரு காவலர் நோட்டோடு வந்து ஒவ்வொருவரிடமும் பெயர், அப்பா பெயர், விலாசம், போன் நம்பர் எழுதிக்கொண்டு போவார். அந்த நோட்டு எங்கே போகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. சில நாள் ஒன்றுமே ஆகாது. சில நாள் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். 2024 ஜூலை முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாதான் நடைமுறையில் இருக்கிறது. சட்டவிரோதக் கூட்டத்துக்கு அதில் 189-வது பிரிவு, வழியைத் தடுத்ததற்கு 126-வது பிரிவு.

மத்திய அரசு வேலை கிடைத்தால் ஒரு சரிபார்ப்புப் படிவம் தருவார்கள். எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, காவலில் வைக்கப்பட்டீர்களா, வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்று அதில் தனித்தனியாகக் கேட்டிருக்கும். தெரிந்து மறைத்தால் மறைத்ததே வேலைக்கு ஆபத்தாகலாம். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பார்த்தது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற சின்ன வழக்கு என்றால், அதை மறைத்திருந்தாலும் நியமன அதிகாரி தன் விருப்பப்படி பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது தீர்ப்பு. "பொறுத்துக்கொள்ளலாம்" என்பதுதான், பொறுத்துக்கொண்டே ஆக வேண்டும் என்று இல்லை. ஆகவே வழக்கு இருந்தால் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் காவலர் வேலைக்குப் போகிறவர்களுக்கு விதி இன்னும் கடுமை. சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை ஆனாலும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கணக்கு வைக்கிறார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு, "பரவாயில்லைக்கா, நான் உட்காருறேன்" என்று ஒரு பிள்ளை சொன்னால் அது அந்தப் பிள்ளையின் முடிவு, அதை மதிக்கிறேன். தெரியாமல் உட்கார வைப்பதுதான் பாவம். எந்த வேலைக்காகப் போராட வந்ததோ அந்த வேலையே கையை விட்டுப் போகும்படி ஆகலாம். என்ன நடத்தப்போகிறீர்கள் என்று நோட்டீஸில் ஒரே சொல்லில் போடுங்கள். ஆர்ப்பாட்டம் என்று போட்டுவிட்டு, கூட்டத்தின் உற்சாகத்தைப் பார்த்து நடுவில் மறியலாக மாற்றவே கூடாது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் மைக்கில் சொல்லி, கிளம்ப நினைப்பவர்கள் கிளம்பிப் போக நேரம் கொடுத்துவிட்டு அப்புறம் உட்காருங்கள். கிளம்பிப் போகிறவர்களைப் பார்த்து யாரும் ஊளையிடக் கூடாது, அதையும் மைக்கிலேயே சொல்லுங்கள்.

கூப்பிடும் விதம்

ஒரு தடவை கூப்பிடுங்கள், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கூப்பிடுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒரு நோட்டீஸ், குழுவில் ஒரு செய்தி, வாயிற்கூட்டத்தில் ஒரு பேச்சு. அதற்கு மேல் தனித்தனியாக ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் போடுவதும், வீட்டுக்கு ஆள் அனுப்புவதும் வேண்டாம். டியூட்டி சார்ட் எழுதுகிறவர், லீவு பரிந்துரைக்கிறவர், ப்ரொபேஷன் அறிக்கை எழுதுகிறவர் ஆகியோர் வாயால் ஒருபோதும் கூப்பிட வைக்காதீர்கள். அவர் எவ்வளவு மென்மையாகச் சொன்னாலும் கேட்கிறவருக்கு அது உத்தரவுதான். பயிற்சி மையத்தில் ஆசிரியர் கூப்பிடுவதும் அப்படியே. ஒரு மையத்தில் அன்றைய மாதிரித் தேர்வைத் தள்ளிவைத்துவிட்டு, வருகைப் பதிவேட்டைப் போராட்ட இடத்துக்கே கொண்டுவந்து பெயர் கூப்பிட்டார்கள் என்று என்னிடம் படிக்கும் ஒரு பெண் சொன்னாள். கட்டணம் கட்டிப் படிக்கிற பிள்ளை அங்கே எப்படி மாட்டேன் என்று சொல்லும்?

நாங்கள் எங்கள் கிளையில் போட்ட நோட்டீஸ் ஏறக்குறைய இப்படி இருக்கும். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"தபால் நிலையத்துக்கு வரும் மக்களோடு தமிழில் பேசத் தெரிந்தவர் வேண்டும். அதற்குத் தேர்வும் தமிழில் எழுத முடிய வேண்டும். இதைக் கேட்டு (தேதி) மாலை 5.30 மணிக்கு வாயிலில் ஆர்ப்பாட்டம். முக்கால் மணி நேரம். பேசுபவர்கள்: (பெயர்கள்). கட்சிக் கொடி இருக்காது, மறியல் இல்லை. காவல்துறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். வர முடியாதவர்கள் மனுவில் கையெழுத்துப் போடலாம். கையெழுத்தும் போட விரும்பாதவர்களுக்குச் சங்கத்தில் எந்தக் குறையும் வராது."

கடைசி வாக்கியத்தை எடுத்துவிடச் சொல்லிச் சில தோழர்கள் சண்டை போட்டார்கள். அதைப் போட்டால் கூட்டம் குறையும் என்றார்கள். நான் எடுக்கவில்லை. கூட்டம் கொஞ்சம் குறைந்துதான் போனது. கையெழுத்து கூடியது, வெளிமாநிலத்திலிருந்து வந்த இரண்டு பையன்களும் போட்டார்கள்.

ஒருவர் முடியாது என்று சொல்லும்போது என்ன செய்ய வேண்டும் என்பதையும் பொறுப்பாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"அக்கா, வீட்டுக்காரர் ஊர்ல இல்ல. பிள்ளையை ஸ்கூல்ல இருந்து நான்தான் கூட்டிட்டு வரணும்."

"சரிம்மா, போய்ட்டு வா."

அவ்வளவுதான். "அரை மணி நேரம்தானேம்மா", "மாமியார்கிட்ட சொல்லேன்", "கமலாவுக்கும் பிள்ளை இருக்கு, அவ வர்றாளே" என்று ஒரு வாக்கியம் கூடுதலாக வந்தாலே நெருக்கடி ஆரம்பித்துவிடுகிறது. காரணமே சொல்லாமல் "நான் வரலைக்கா" என்றாலும் அதே பதில்தான். காரணம் கேட்கிற உரிமை நமக்குக் கிடையாது. அவருக்குக் கோரிக்கையே பிடிக்காமலும் இருக்கலாம். ஓசூர்ப் பக்கம் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பத்துப் பிள்ளைகள் உண்டு, ஆம்பூர் வாணியம்பாடியில் உருது வீடுகள் உண்டு. இப்போது டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் கட்டாயம் என்று வந்தபிறகு அவர்களுக்கு வேறு ஒரு கவலை இருக்கிறது. அதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

வராதவர் பட்டியல் என்று ஒன்றை எழுதவே எழுதாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில் வராதவர்களின் பெயரைத் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டினார்கள். அதில் ஒரு பெண்ணின் பெயர். ரூல் 38 என்கிற சொந்தக் கோரிக்கை இடமாற்றத்துக்கு எழுதிப்போட்டுவிட்டு, கணவர் இருக்கும் ஊருக்குப் போகக் காத்திருந்தவள். சங்கத்துக்காரர்கள் மேலே ஒரு வார்த்தை சொன்னால் தன் விண்ணப்பம் கீழே போய்விடும் என்று பயந்துகொண்டே அடுத்த மூன்று கூட்டத்துக்கு வந்தாள், பின்வரிசையில் நின்றாள், கோஷத்துக்கு வாயே அசையவில்லை. இடமாற்றம் கிடைத்துப் போனதும் முதல் வேலையாகச் சங்க உறுப்பினர் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தமிழ்த் தேர்வு வேண்டும் என்று மனதார நினைத்தவள் அவள். அவளை நமக்கு இல்லாமல் ஆக்கியது அந்த ஒட்டிய தாள்தான்.

போராட்டத்தில் நின்று செல்ஃபி எடுத்து அனுப்பச் சொல்வது, வசூலுக்கு இவ்வளவு என்று தலைக்கு நிர்ணயிப்பது, கறுப்பு பேட்ஜ் குத்தாதவரை முறைத்துப் பார்ப்பது எல்லாம் அதே பட்டியலின் வேறு வடிவங்கள். விட்டுவிடுங்கள்.

தியாகிகளின் பெயரை எப்படிச் சொல்வது

திருச்சிக்காரி என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். கீழப்பழுவூர் சின்னசாமி 1964 ஜனவரி 25 அன்று எங்கள் ஊர் ரயில் நிலையத்தில்தான் தீக்குளித்து இறந்தார். வீட்டில் மனைவியும் சிறு பெண் குழந்தையும் இருந்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். "அவர் உயிரையே கொடுத்தார், நீ ஒரு மணி நேரம் தர மாட்டாயா?" என்று அந்தப் பெயரை வைத்து ஒரு பிள்ளையைக் கேட்பதை என்னால் சகிக்க முடியவில்லை. வேலை கிடைக்காத விரக்தியில் இருக்கும் இருபது வயதுப் பிள்ளைகள் கூட்டத்தில் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால் சாவைப் போராட்ட வழியாகப் புகழ்ந்து பேசக் கூடாது. மாலை போடுங்கள், அந்தக் காலத்தின் கோரிக்கை என்ன, அது எதை மாற்றியது என்று சொல்லுங்கள். கூட்டத்தில் யாராவது உயிரை விடுவேன் என்கிற மாதிரிப் பேசினால் உடனே தனியாகக் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பேசுங்கள், வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள், அன்று இரவு தனியாக விடாதீர்கள். ஆர்ப்பாட்டம் அப்புறம்.

அழைப்பு உங்களுக்கு வந்தால்

கோரிக்கை என்ன, கட்சி உண்டா, மேடை யாருடையது, அனுமதி வாங்கியிருக்கிறதா, மறியல் உண்டா இல்லையா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் போவதா வேண்டாமா என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். "வந்து பாரு, தெரியும்" என்று பதில் வந்தால் போகாதீர்கள்.

மறுப்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டாம். விளக்கம் சொல்லச் சொல்ல அதற்கு ஒரு பதில் வந்துகொண்டே இருக்கும். "கோரிக்கை சரிதான் அண்ணே, மனு இருந்தா கையெழுத்துப் போடுறேன், நேர்ல வரல" என்று ஒரே மாதிரி இரண்டு தடவை சொல்லுங்கள். தமிழன்தானா என்று கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே வேண்டியதில்லை. வேலையை, இடமாற்றத்தை, ஹால் டிக்கெட்டை வைத்து மிரட்டினால் அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். மிரட்டல் என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவில் குற்றம். போலீஸ் வரை போக வேண்டாம் என்று நினைத்தால் அதே சங்கத்தில் மேல் பொறுப்பில் இருப்பவரிடம் எழுத்தில் கொடுங்கள். நல்ல சங்கம் என்றால் அவர்கள் கேட்பார்கள்.

கூட்டத்தைவிட அதிகம் வேலை செய்கிறவை

நேரில் வராத ஆட்களை வைத்துச் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனு போடச் சொல்லுங்கள். மத்திய அலுவலகத்துக்கு 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராகவே எடுத்து இணைத்துவிடலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், அந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் கேட்கச் சட்டத்தின் 6-வது பிரிவு இடம் தருகிறது. 30 நாளில் பதில் தர வேண்டும். எத்தனை காலியிடம், எந்த மொழிகளில் கேள்வித்தாள், கடந்த முறை எத்தனை பேர் எந்த மொழியில் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று தனித்தனியாகக் கேளுங்கள். "ஏன் தமிழைப் புறக்கணிக்கிறீர்கள்" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் இல்லை.

குறைதீர்க்கும் மனுவையும் தமிழில் கொடுக்கலாம். மத்தியிலோ மாநிலத்திலோ பயன்படும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-வது பிரிவு. ஆட்சிமொழி விதிகள், 1976 என்று ஒன்று இருக்கிறது. இந்தியா முழுவதற்கும் பொருந்தும், தமிழ்நாட்டைத் தவிர என்று அதன் முதல் விதியிலேயே இருக்கிறது. அலுவலகத்தில் யாராவது அந்த விதிகளைக் காட்டினால் அந்த வரியைக் காட்டுங்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். மதுரை எம்.பி. சு. வெங்கடேசன் எழுதிய ஆங்கிலக் கடிதத்துக்கு இந்தியில் பதில் வந்து, அவர் வழக்குப் போட்டபோது, கடிதம் வந்த மொழியிலேயே பதில் தர வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 ஆகஸ்டில் சொன்னது.

இந்த மாதிரி வேலைகளுக்குப் பலன் வந்துகொண்டுதான் இருக்கிறது. 2021 செப்டம்பரில் பொதுத்துறை வங்கி எழுத்தர் தேர்வை 13 வட்டார மொழிகளில் நடத்த நிதி அமைச்சகம் பரிந்துரைத்தது. மத்திய ஆயுதக் காவல் படைக் காவலர் தேர்வைத் தமிழ் உட்பட 13 வட்டார மொழிகளில் நடத்துவதாக 2023 ஏப்ரலில் உள்துறை அறிவித்தது, 2024-ல் அப்படியே நடந்தது. தமிழ் கிடைத்தபோது ஒடியாவுக்கும் அசாமிக்கும் கொங்கணிக்கும் சேர்ந்தே கிடைத்தது. உங்கள் மனுவிலும் "தமிழ் உள்ளிட்ட அனைத்து வட்டார மொழிகளிலும்" என்று எழுதுங்கள், கூடச் சேர ஆள் கிடைப்பார்கள்.

அனுமதி கிடைத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். கேள்வித்தாளின் தமிழ் படிக்கிற மாதிரி இருக்கிறதா என்று பார்க்க, எழுதி முடித்து வெளியே வரும் பிள்ளைகளிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். புரியாத கேள்வியின் எண், ஆங்கில வடிவம், தமிழ் வடிவம் மூன்றையும் ஒரே தாளில் எழுதி, ஆட்சேபம் தெரிவிக்கக் கொடுத்திருக்கும் தேதிக்குள் அனுப்புங்கள். இந்த வேலைக்கு வாயிலுக்கு வராதவர்களைக் கூப்பிடுங்கள், பெரும்பாலும் வருவார்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதின் நகலைக் கிளைக் கோப்பில் வையுங்கள். அடுத்து வரும் செயலாளருக்கு அது தேவைப்படும்.